குளத்தை வலம் வந்து ஆற்றில் விழுந்தது

ஆறு என்ற ஒன்றை நான் ஒழுங்காகக் கண்டது அறுபது வயது கடந்த பிறகுதான். கண்ட அன்றைக்கே அதற்குள் விழுந்தும் விட்டேன். கண்டிக்குப் போகும்போது ரயிலில் இருந்து பாலத்துக்குக் கீழே பார்த்ததை நான் கணக்கில் எடுப்பதில்லை. அது படம் பார்க்கிற மாதிரி. கால் வைத்துப் பார்த்தால்தான் ஆறு.

அளவெட்டிப் பக்கம் வந்து கிணற்றுச் செல்லத்துரை என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை வைத்துவிட்டு கிணறு வெட்ட அலவாங்கைத் தூக்கியவன் நான். பிறகு கல்லைத் துளைக்கிற கொம்பிறசர் வாங்கினேன், லொறி வாங்கினேன், மேல்வீடு கட்டினேன். வலிகாமத்தில் எந்தக் காணியில் எவ்வளவு ஆழத்தில் நல்ல தண்ணீர் வரும், எவ்வளவு ஆழம் போனால் உவராகும் என்று என்னைக் கேட்டுத்தான் கல்லுக்கு வெடி வைப்பார்கள். சண்டை வந்து வெடிமருந்து இல்லை என்றானதும் தொழில் படுத்துவிட்டது. பெயர் படுக்கவில்லை.

என் கடைசி மகன் ரவி ஸ்கொட்லாந்தில் தண்ணீர்ப் பகுதியில் எஞ்சினியர். கிணறு வெட்டினவனுடைய மகன் தண்ணீர் எஞ்சினியரானது தற்செயல் இல்லை, நான் படிப்பித்தேன். அந்த மகன், தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, அங்கே ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையைக் கட்டப் போகிறேன் என்று எழுதினான். என் மனிசி அடுப்படியில் இருந்து அழுத அழுகையில் அயலட்டை முழுக்கச் செல் குண்டு விழுந்துவிட்டது என்று ஓடி வந்தது.

அவள்தான் என்னை அனுப்பினாள். மாட்டையும் வீட்டையும் விட்டு அவள் அசையமாட்டாள்.

"போய் உதை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ. ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டன். அவளின்ரை வீட்டிலை பச்சைத் தண்ணியும் வாயிலை வைக்கப்படாது."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. சம்பந்தம் பேசப் போகிற இடத்தில், மனத்துக்குச் சரி என்று படும்வரை பெண் வீட்டில் வாய் நனைப்பதில்லை. ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டால் ஓம் என்று சொன்னதுதான். பிறகு பின்வாங்குகிறவன் ஆம்பிளை இல்லை. அதனால் மனிசி, நாள்பட்டாலும் மொறுமொறு என்று இருக்கிற பருத்தித்துறை வடை ஒரு பெரிய தகர ரின் நிறையச் சுட்டுத் தந்தாள். எண்ணெய் விற்கிற விலையில் அந்த வடை சுட்டது, நிலைமை எவ்வளவு பாரதூரம் என்பதற்கு அடையாளம்.

கிளாலிக் கடலைக் கடந்தது, கொழும்பில் காத்துக் கிடந்தது, விசா கொடுத்தவர் என் கையைப் பார்த்து இது என்ன இப்படிக் காய்த்திருக்கிறது என்று கேட்டது எல்லாவற்றையும் விடுகிறேன்.

ஸ்கொட்லாந்தில் ரயில் போய் முடிகிற இடத்தில் இறங்கினேன். மகனைக் காணவில்லை. கழுசானும் சிவப்புச் சட்டையும் போட்ட ஒரு பெட்டை வந்து, என் சூட்கேசை என் கையிலிருந்து பறித்து, ஒரு சிவப்பு வானுக்குள் தூக்கி எறிந்தாள். என்ன நாடு இது, பெண்பிள்ளைகள் மூட்டை தூக்குகிறார்கள் என்று திகைத்துப்போய் ஏறி உட்கார்ந்தேன். அது தபால் வான். கடிதத்தோடு ஆட்களையும் ஏற்றும். எனக்குப் பக்கத்தில் ஒரு தபால் மூட்டை, ஒரு பெட்டி பேக்கரிப் பாண், கூட்டுக்குள் ஒரு கோழி.

அவள் ஓட்டிய ஓட்டத்தை நான் எந்த மினிபஸ்காரனிடமும் கண்டதில்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் ஒரு வாகனம் போகிற அளவு தெரு. வளைவில் செம்மறிகள் படுத்திருந்தன. அவள் இறங்கிப்போய் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் திட்டுகிறவள் போலத் திட்டி எழுப்பினாள். வீட்டுப் படலைகளில் நின்று கிழவர்கள் கடிதம் வாங்கினார்கள். ஒரு கிழவிக்கு மருந்துப் போத்தல் கொடுத்தாள், கோழியையும் கொடுத்தாள். பிறகு போன நேரத்தைப் பிடிக்கப் பறந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளை, மெள்ள ஓடு! செல்லுக்கும் பொம்பருக்கும் தப்பி வந்தவன் நான். உன்ரை வானுக்குள்ளை சாகவோ இவ்வளவு தூரம் வந்தனான்?" என்று தமிழிலேயே கத்தினேன். அவள் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். வேகம் குறையவில்லை.

இறங்கும்போது, பெரிய மனிசன் என்றால் பெரிய மனிசன் மாதிரி நடக்கவேண்டும் அல்லவா, தேத்தண்ணி குடி என்று அவள் கையில் ஒரு காசை வைத்தேன். அவள் காசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குனிந்து வணங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் ரவி ஓடி வந்தான்.

"அப்பா, வேலையிலை மாட்டுப்பட்டுப் போனன். இவதான் பியோனா."

நான் நிற்பாட்ட வந்த கலியாணத்தின் பெண்ணே இவள்தான்.

"ரவி, உந்தப் பிள்ளை றைவரோ?"

"ஓம் அப்பா. தபால் வான் ஓடுறா."

"எஞ்சினியருக்கு றைவரோ?"

"இஞ்சை உதெல்லாம் ஒருத்தரும் பாக்கிறேல்லை அப்பா."

"நான் பாக்கிறன்" என்றேன்.

மகன் வீட்டில் அடுத்த நாள் முழுக்க அதிர்ச்சிதான். சுவரில் தட்டினால் விளக்கு எரிந்தது. நாங்கள் மூன்று வருடமாக ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு, மண்ணெண்ணெயைத் துளி துளியாக விட்டு இருக்கிறவர்கள். நான் தட்டி எரித்தேன், தட்டி அணைத்தேன். மகன் பல் விளக்கும்போது குழாயைத் திறந்து விட்டபடி விளக்கினான். நான் பின்னால் போய்ப் பூட்டினேன். அவன் திறந்தான். நான் பூட்டினேன். எஞ்சினியர் பல் விளக்குகிற வடிவு இது.

கடைக்குப் போனோம். ஒரு வரிசை முழுக்க ரின் அடுக்கியிருந்தது. படத்தில் நாய். நாய் இறைச்சியோ என்று பதறிப்போய்க் கேட்டேன். "இல்லை அப்பா, நாய்க்குச் சாப்பாடு" என்றான். ஊரில் ஒரு கட்டிச் சவர்க்காரம் கிடைக்காமல் பனங்காயைப் பிசைந்து துணி தோய்க்கிற காலம். நான் ஒரு ரின்னை எடுத்து விலையைப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. பார்த்தேன், வைத்தேன், அவ்வளவுதான்.

பின்னேரம் பியோனாவின் தகப்பன் வந்தார். பெயர் டொனால்ட். என்னிலும் ஒரு முழம் உயரம், ஆட்டு மந்தை பார்த்துக் கழித்த உடம்பு. மனைவி இறந்து பல வருடம். மகளைத் தனி ஆளாக வளர்த்தவர். அவர் கையும் என் கையைப் போலவே காய்த்திருந்தது. அதற்காக நான் இளகிவிடவில்லை. அவர் ஆங்கிலம் பேச ரவி தமிழில் சொன்னான். நாளைக்கு எல்லோரும் நடக்கப் போவோமாம்.

"எங்கை?"

"ஆத்தங்கரையாலை போய்க் குளத்தைச் சுத்தி வாறது அப்பா."

"அங்கை என்ன அலுவல்?"

"ஒரு அலுவலும் இல்லை. சும்மா நடந்து போட்டுத் திரும்பி வாறது."

"திரும்பி எங்கை வாறது?"

"வெளிக்கிட்ட இடத்துக்குத்தான்."

நான் டொனால்டை ஏற இறங்கப் பார்த்தேன். கோயிலைச் சுற்றினாலும் உள்ளே சாமி இருக்கிறது. ஒன்றுமில்லாத தண்ணீரை ஒரு முழு நாள் சுற்றுகிற சனம்! ஆனாலும் சம்மதித்தேன். சம்பந்தத்தை நிற்பாட்டுகிற கதையை வீட்டுக்குள் இருந்து கதைக்க முடியாது. வெளியில், நடந்துகொண்டு, முகம் பாராமல் கதைப்பதுதான் முறை.

மறுநாள் காலை பியோனா தன் வேலை இல்லாத நாள் என்று அதே வானில் ஏற்றிக்கொண்டு போனாள். ஒரு தேவாலயத்துக்குப் பக்கத்தில் வானை விட்டாள். அதற்கு அங்கால் ஆறு.

எங்களுக்கும் ஆறு இருக்கிறது. வழுக்கையாறு. மாரியில் வெள்ளம் ஓடும், மற்ற மாதங்களில் பெடியள் அதற்குள் கிரிக்கெட் விளையாடுவார்கள். இது அப்படி இல்லை. பால் விடாத வெறுந்தேத்தண்ணி நிறத்தில், கண்ணாடி மாதிரி, சத்தம் போட்டபடி ஓடிக்கொண்டே இருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முடியும் என்று பார்த்தேன். முடியவில்லை.

"எப்ப நிக்கும்?" என்று கேட்டேன்.

"நிக்காது அப்பா."

ஆற்றுக்குக் குறுக்கே பெரிய பெரிய கற்களை வைத்திருந்தார்கள், மிதித்துக் கடப்பதற்கு. முதலில் அந்தக் கற்களால் அக்கரைக்குப் போய், ஆற்றோடு மேலே ஏறி, குளத்தைச் சுற்றி, காட்டுப் பாதையால் தேவாலயத்துக்கு வருவது அவர்கள் வழக்கம். அம்புக்குறி போட்ட பலகையும் அப்படித்தான் காட்டியது. டொனால்ட் முதல் கல்லில் கால் வைத்துவிட்டார்.

நான் மனத்துக்குள் அந்தச் சுற்றைப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் முழு வழியும் இடக்கைப் பக்கம் வருகிறது.

"ரவி, அந்தாளைத் திரும்பி வரச் சொல்லு. நான் உந்தப் பக்கத்தாலை வரமாட்டன்."

"ஏன் அப்பா?"

"ஏனோ? இடமாச் சுத்தச் சொல்லுறியோ? இடமாச் சுத்துறது சுடலையிலை, கொள்ளிக் குடத்தோடை. சம்பந்தம் கதைக்கப் போற இடத்திலை ஆராவது இடமாச் சுத்துவினமோ?"

"நீங்கள் நிப்பாட்டத்தானே வந்தனீங்கள்?" என்றான் அவன். வாய் கொஞ்சம் கூடிப்போய்விட்டது.

"நிப்பாட்டுறதெண்டாலும் மங்களமா நிப்பாட்டவேணும். வலமா வாறதெண்டால் வாறன். இல்லாட்டி வானுக்குள்ளை இருக்கிறன்."

ரவிக்கு முகம் சிவந்தது. டொனால்ட் கல்லில் ஒரு காலும் கரையில் ஒரு காலுமாக, என்ன பிரச்சினை என்று கேட்டார். ரவி எதையோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தான். பியோனா அவனை விடவில்லை. உள்ளதைச் சொல்ல வைத்தாள். அதைக் கேட்டதும் டொனால்ட் காலைக் கல்லிலிருந்து எடுத்தார். தொப்பியைக் கழற்றினார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

பிறகு அவர் சொன்னது எனக்கு இந்தப் பயணத்தில் கிடைத்த எல்லா அதிர்ச்சியிலும் பெரியது. அவருடைய தாய் மேற்குக் கரைத் தீவு ஒன்றில் பிறந்தவவாம். அங்கே வீட்டைச் சுற்றினாலும், தேவாலயத்தைச் சுற்றினாலும், வள்ளத்தைத் துறையிலிருந்து திருப்பினாலும் சூரியன் போகிற பக்கமாகத்தான் திருப்புவார்களாம். அதற்கு அவர்களுடைய பழைய பாஷையில் ஒரு தனிச் சொல்லே உண்டாம். நோயாளிகள் புனிதக் கிணறு ஒன்றையும் அப்படியே சுற்றுவார்களாம்.

"கிணத்தையோ?" என்றேன்.

"கிணத்தைத்தான் அப்பா."

"வலமாவோ?"

"வலமாத்தான்."

எத்தனை கிணறு வெட்டியிருப்பேன்! ஒருவரும் ஒரு கிணற்றையும் சுற்றிக் கும்பிட்டு நான் கண்டதில்லை. வெட்டினவனுக்குக் கூலி கொடுத்து அனுப்புவதோடு சரி. இந்த வெள்ளைக்காரச் சனம் கிணற்றை வலம் வந்திருக்கிறது.

டொனால்ட் சிறுவனாக இருந்தபோது ஒருநாள் அவசரத்தில் வள்ளத்தை மற்றப் பக்கம் திருப்பிவிட்டாராம். தாய் கரையில் நின்று கத்தி, அவரைத் திருப்பி அழைத்து, முதலில் இருந்து தொடங்க வைத்தாவாம். "அவ போன பிறகு எனக்கே மறந்துபோயிற்று. இப்போது யார் கேட்கிறார்கள்?" என்றார். பிறகு அம்புக்குறிப் பலகையைக் கடந்து, காட்டுப் பாதைப் பக்கம் விறுவிறு என்று நடந்தார்.

பியோனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு தகப்பனைக் கூப்பிட்டாள். ரவி எனக்குச் சொன்னான்: "மலையிலை இப்பவே மழை இறங்குதாம். இப்பிடிப் போனால் ஆத்துக் கல்லுகள் கடைசியிலைதான் வரும். அப்ப தண்ணி ஏறியிடும் எண்டு சொல்லுறா."

"கிணத்துச் செல்லத்துரைக்குத் தண்ணியைப் பற்றிச் சொல்லவேண்டாம் எண்டு சொல்லு."

டொனால்டும் திரும்பிப் பார்க்காமல் ஏதோ சொன்னார். ஏறத்தாழ நான் சொன்னதுதான் என்று ரவி சொன்னான். இரண்டு கிழவர்களும் முன்னால் போனோம். வேறு வழியில்லாமல் மற்ற இருவரும் பின்னால் வந்தார்கள்.

காடு தாண்டியதும் குளம். அவர்கள் லொக் என்கிறார்கள். அக்கரை எட்டத்தில்தான் தெரிந்தது. மலைகள் அதற்குள் தலைகீழாக நின்றன. எனக்கு ஆனையிறவுக் கடல்தான் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் இவ்வளவு பெரிய தண்ணீர் என்றால் உப்புத் தண்ணீர்தான். வேறு விதமாக இருக்க நியாயமில்லை. "வருசத்திலை எவ்வளவு உப்பு எடுப்பியள்?" என்று டொனால்டிடம் கேட்டேன். ரவி அதை மொழிபெயர்க்கவே மறுத்தான்.

"குடிச்சுப் பாருங்கோ அப்பா."

குளம் ஒருவருடைய வீடும் இல்லை, அதனால் மனிசியின் சட்டத்துக்குள் வராது என்று தீர்மானித்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். இனித்தது. இன்னொரு கை அள்ளினேன். இனித்தது. பக்கத்துக் கல்லில் குந்திவிட்டேன்.

"இவ்வளவும் நல்ல தண்ணியோ?"

"ஓம்."

"ஆர் இறைக்கிறது?"

"ஒருத்தரும் இறைக்கிறேல்லை."

"அப்ப இது என்ன செய்யுது?"

"ஆத்தாலை ஓடிக் கடலுக்குப் போகுது அப்பா."

எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்று தெரியாத கோபம். எங்கள் ஊரில் டீசல் இல்லை. பம்பு துருப்பிடித்துக் கிடக்கிறது. வெங்காயப் பாத்திக்கு வாளியால் அள்ளி ஊற்றி முதுகு முறிந்தவர்களை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும். ஒரு முழம் கூட ஆழப் போனால் உவராகிவிடும் என்று பயந்து பயந்து நான் கல்லைத் தட்டிய நாட்கள் எத்தனை. இங்கே தண்ணீர் சும்மா கிடக்கிறது. அதைச் சுற்றி நடக்கிறார்கள்.

மத்தியானம் டொனால்ட் பையைத் திறந்து பாணும் சீசும் நீட்டினார். வேண்டாம் என்றேன். பிளாஸ்கில் தேத்தண்ணி. வேண்டாம் என்றேன். பியோனா தான் செய்த கேக் துண்டை நீட்டினாள். கையைக் கட்டிக்கொண்டேன். வயிறு கத்தியது. கோட்டுப் பையிலிருந்து வடையை எடுத்துக் கடித்தேன். டொனால்ட் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கையை நீட்டினார். அவர்கள் எங்களுடையதைத் தின்றால் பிழையில்லை, கொடுத்தேன். கடித்து, மென்று, கண்ணெல்லாம் தண்ணீராகி, ஓடிப்போய்க் குளத்தில் வாயை வைத்துக் குடித்து, திரும்பி வந்து இன்னொன்று கேட்டார். ஆள் பிழையில்லை என்று பட்டது. அதைத் தலைக்குள் ஏற விடாமல் அமத்திக்கொண்டேன்.

நான் கதையைத் தொடங்கியது அங்கேதான். "என்ரை மகனுக்கு ஊரிலை எத்தனையோ இடத்திலை கேக்கினம். உங்கடை மகளும் நல்ல பிள்ளைதான். ஆனால் சரிவராது எண்டு சொல்லு ரவி." ரவி அதை ஆங்கிலத்தில் சொல்லவில்லை. பியோனாவைப் பார்த்தான். அவள் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். அந்த நேரம் பார்த்து மழை கொட்டத் தொடங்கியது. ஒருவரும் ஒதுங்கவில்லை. வெயிலில் நடக்கிற மாதிரி நடந்தார்கள்.

ஆற்றுக் கல்லுக்கு வந்து சேர்ந்தபோது கல்லுகளைக் காணவில்லை. தண்ணீருக்குக் கீழே சாணளவு ஆழத்தில் கறுப்பாகத் தெரிந்தன. காலையில் தேத்தண்ணி மாதிரி ஓடிய ஆறு நுரை தள்ளிக்கொண்டு ஓடியது. அக்கரையில் வான் நின்றது. பியோனா ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு, நடந்து பழகினவள், ஒரு தடக்கலும் இல்லாமல் கடந்தாள். வானுக்குள் இழுவைக் கயிறு இருக்கிறது, எடுத்து வருகிறேன், அதுவரை ஒருவரும் இறங்க வேண்டாம் என்று கத்திவிட்டுப் போனாள்.

நான் தண்ணீரைப் பார்த்தேன். முழங்காலுக்கும் வராது. ஒரு றைவர்ப் பெட்டை கயிறு கொண்டுவந்து என்னைக் கட்டி இழுப்பதோ? இறங்கினேன். "அப்பா!" என்று ரவி கத்தினான்.

தண்ணீர் ஆழத்தால்தான் ஆளைக் கொல்லும் என்பது என் நினைப்பு. கிணற்றுத் தண்ணீர் நிற்கிற தண்ணீர். அது ஆளைப் பிடித்துத் தள்ளாது. இது தள்ளியது. மூன்று நாலு மாடு ஒன்றாக வந்து காலில் முட்டின மாதிரித் தள்ளியது. நடு ஆற்றில் கால் வழுக்கி, குப்புற விழுந்து, இரண்டு கையாலும் ஒரு கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். குளிர் நெஞ்சைப் பிடித்தது. நீச்சல் தெரியாத ரவி பாய வெளிக்கிட, டொனால்ட் அவனை இடுப்போடு கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். என் பிள்ளை என் பின்னால் வந்து சாகப் போகிறான் என்று அந்த நேரம் எனக்கு விளங்கியது. அதைவிட வேறு ஒன்றும் தலைக்குள் இல்லை.

பியோனா வந்துவிட்டாள். கயிற்றை இடுப்பில் கட்டி, மறு நுனியை மரத்தில் கட்டி, பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்து வந்து கையை நீட்டினாள். நான் கல்லை விடவில்லை. விடப் பயம் ஒன்று. மருமகள் முறையாக வரக்கூடிய பிள்ளையின் கையைப் பிடிப்பதா என்ற யோசனையும் அந்தச் சாகிற நேரத்தில் எனக்கு வந்தது என்றால் நம்புவீர்களா? அவள் ஆங்கிலத்தில் கத்தினாள். நான் அசையவில்லை. அப்போது அவள் தமிழில் கத்தினாள்.

"டேய்! கையைத் தாடா! விசரா!"

என்னை டேய் என்று ஒருவர் கூப்பிட்டு முப்பது வருடமாகிறது. அதுவும் நான் அலவாங்கு தூக்கிய காலத்தில், வேலை தந்தவர்கள் கூப்பிட்டது. அந்த அதிர்ச்சியில் கை தானாகக் கல்லை விட்டது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் எனக்கு வலிக்கிறது. இழுத்துக்கொண்டுபோய்க் கரையில் போட்டாள். பிறகு அதே கயிற்றைப் பிடித்து ரவியும் டொனால்டும் வந்து சேர்ந்தார்கள்.

ரவி என் பக்கத்தில் முழங்காலில் இருந்து அழுதான். "நானும் என்ரை சிநேகிதரும் கதைக்கிறதைக் கேட்டுப் பழகினது அப்பா. அவவுக்கு வேறை தமிழ் தெரியாது. குறை நினையாதேங்கோ."

நான் இருமி ஆற்றுத் தண்ணீரைத் துப்பினேன்.

டொனால்டின் வீடு அருகில்தான். அவருடைய கழுசானைப் போட்டு இடுப்பில் கயிறு கட்டி, அவருடைய சுவெற்றருக்குள் என்னை நுழைத்து, நெருப்புக்கு முன்னால் இருத்தினார்கள். நாய் ஒன்று வீட்டுக்குள்ளேயே படுத்திருந்தது, சொந்தக்காரன் மாதிரி. பியோனா ஒரு கோப்பையில் ஆவி பறக்கச் சூப் கொண்டுவந்து வைத்தாள். பார்த்தேன். மீனும் உருளைக்கிழங்கும், பாலில். பாலுக்குள் மீனை விட்ட சனத்தை அன்றுதான் கண்டேன். ஆனால் மணம் வயிற்றைப் பிடுங்கியது.

கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"குடியுங்கோ அப்பா. விறைச்சுப் போனியள்."

"உன்ரை அம்மாவுக்குச் சொல்லிப்போட்டு வந்தனான். என்ரை உயிரைக் காப்பாத்தினது வேறை, சம்பந்தம் வேறை. அந்தப் பிள்ளைக்கு நான் கும்பிட்டு நன்றி சொல்லுறன். சூப்பு வேண்டாம்."

ரவி எழுந்து சுவரோடு போய் நின்றான். பிறகு சொன்னான்: "நீங்கள் குடிச்சாலும் குடியாட்டிலும் ஒண்டும் மாறாது அப்பா. எங்களுக்குப் பதிவு முடிஞ்சுது."

"என்ன பதிவு?"

"கலியாணப் பதிவு. தை மாசம். ரெண்டு சிநேகிதர் சாட்சிக் கையெழுத்து வைச்சவை. எழுதப் பயந்து, கட்டப்போறன் எண்டு எழுதினனான்."

ஆற்றில் விழுந்தபோது வந்த குளிர் திரும்ப வந்தது. இவ்வளவு நாளும் பசியோடு, மழையோடு, வலமாக, இடமாக என்று நான் கொடுக்காமல் காத்துக்கொண்டு திரிந்த சம்மதம், முடிந்த கலியாணத்துக்கு. எழுந்து வெளியே போகப் பார்த்தேன். டொனால்டின் கழுசான் கால் தடக்கியது. திரும்பி அவரைப் பார்த்தேன். இந்தாளும் கூட்டு என்று நினைத்தேன். அவர் நெருப்பைப் பார்த்தபடி இருந்தார்.

"உவருக்கும் தெரியுமோ?"

ரவி கேட்டுச் சொன்னான்: "அவருக்கு நீங்கள் வந்திறங்கின அண்டுதான் சொன்னனாங்கள்."

டொனால்ட் மெதுவாகப் பேசினார். மகளை அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். சொல்லத் தெரியவில்லையாம். ஆட்டையும் நாயையும் திட்டத் தெரியும், மகளைத் திட்டிப் பழக்கமில்லை. உள்ளே கிடந்து கொதிக்கிறதாம். பிறகு என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். ரவி அதைச் சொல்லத் தயங்கினான். சொல்லு என்று அதட்டினேன்.

"உங்களுக்கு ஏசத் தெரியும்போலை இருக்காம். தனக்கும் சேத்து ஏசட்டாம்."

எனக்கு ஏசத் தெரியுமா? கிணற்றுக்கு மேலே நின்று நான் ஏசினால், கீழே மிசின் ஓடுகிற சத்தத்தையும் தாண்டி அடியில் நிற்கிறவனுக்குக் கேட்கும். கழுசானை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தொடங்கினேன்.

"எட நாசமறுப்பானே! பெத்தவள் அங்கை பங்கருக்குள்ளை இருந்து உனக்கு நேத்தி வைக்கிறாள். நீ இஞ்சை கையெழுத்துப் போட்டுப்போட்டு என்னை மழைக்குள்ளை சுத்த விடுறாய்! ஒரு தாலி உண்டோ, ஒரு மேளம் உண்டோ, ஒரு சனத்துக்குச் சோறு போட்டனியோ? நீயுந்தான் பிள்ளை! தனியாக் கிடந்து வளத்த மனிசன். ஊர் முழுக்கப் படலை படலையாச் செய்தி குடுத்துத் திரியிறாய். பெத்த தேப்பனுக்கு ஒரு செய்தி குடுக்க உனக்கு நேரமில்லாமல் போச்சோ!"

நாய் கதிரைக்குக் கீழே போய்விட்டது. இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். டொனால்ட் ஒரு சொல்லும் விளங்காமல், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். நடுவில் கையை உயர்த்தி ஏதோ சேர்த்துச் சொன்னார்.

"ஒரு கேக்கும் வெட்டேல்லையாம், அதையும் சொல்லட்டாம்" என்று ரவி நிலத்தைப் பார்த்துச் சொன்னான்.

"ஒரு கேக்காவது வெட்டினியளோ!" என்று அதையும் சேர்த்து ஏசினேன்.

மூச்சு முடிந்ததும் நிறுத்தினேன். உடம்பு நன்றாகச் சூடேறியிருந்தது. டொனால்ட் எழுந்து வந்து என் தோளில் கை வைத்து நன்றி என்றார். அந்தச் சொல் எனக்கே விளங்கியது. ஆறிப்போன சூப்பை எடுத்துக்கொண்டுபோய்ச் சூடாக்கி வந்து என் முன்னால் வைத்தார். நான் கரண்டியை எடுத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மீனையும் பாலையும் ஒரே வாயில் விழுங்கினேன். நல்லாய் இருந்தது, அதுதான் அதிலும் பெரிய அதிர்ச்சி. ரவியின் கண் மறுபடி நிறைந்தது.

டொனால்ட் எதிரில் இருந்து, சாப்பிட்டபடி கேட்டார்: "உம்முடைய மனைவிக்கும் இப்படி ஏச வருமோ?"

"இதுவோ? இது அவவிட்டைப் பழகினதிலை கால்வாசி" என்றேன்.

ரவி அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் மாமியாரிடம் வாங்கவேண்டிய ஏச்சு இன்னும் இருக்கிறது என்று பியோனாவுக்கு என் முகத்திலேயே விளங்கிவிட்டது. அவள் ரவியைப் பார்த்தாள். அவன் இன்னும் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.